கோட்டுப் பொத்தானும் பிளேஸ்டோ எஞ்சினும்

2009ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முழுவதும், வியாழக்கிழமை தவறாமல் மூன்று வெள்ளைக்காரக் கிழவர்கள் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து சண்டை பிடித்தார்கள். சண்டை, பழைய ரயில் எஞ்சின்களைப் பற்றியது. அவர்கள் அமர்ந்திருந்ததோ பெரியபிள்ளையான பெண்களைச் சாமத்தியச் சடங்கன்று இருத்திப் படம் எடுக்கும் கதிரைகளில். சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு, இரண்டு கைப்பிடியிலும் மயில். ஸ்டூடியோவில் வேறு கதிரை இல்லை, நான் என்ன செய்ய? மயில்களின் கழுத்தில் கோட்டைக் கொழுவிவிட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தார்களென்றால் மூன்று மணிநேரத்துக்கு எழும்ப மாட்டார்கள்.

என் கணவர் அவர்களுக்கு வைத்த பெயர் கோச்சிக் கூட்டம். ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்லி வளர்ந்தோம். "இஞ்சரும், உம்மடை கோச்சிக் கூட்டம் வந்திட்டுது, தண்ணியைக் கொதிக்க வையும்" என்பார். அந்த 'உம்மடை'யைக் கவனிக்க வேண்டும். அவர்களை உள்ளே எடுத்தது நான்தான் என்பதை அவர் என்னை ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் எங்களுக்கு வேலையே இல்லை. வைகாசியில் ஊரில் யுத்தம் அத்தனை சனத்தோடும் முடிந்த பிறகு, லண்டனில் எங்கள் சனம் கொண்டாட்டங்களை நிறுத்திவிட்டது. கலியாணங்களைக் கோயிலோடு முடித்துக்கொண்டார்கள். சாமத்தியச் சடங்குகளைத் தள்ளிப்போட்டார்கள். ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் வேறு வேலையோடு வந்தார்கள். அடையாள அட்டையில் இருந்த படம், பள்ளிக்கூடக் குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு தலை, இப்படி எதையாவது கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். ஆள் எங்கே என்று தெரியாது, படம் மட்டும்தான் கையில். ஒரு தகப்பன் கவுண்டருக்கு முன்னால் நின்று, "தங்கச்சி, இது அவன்தானே? நான் பிழையான பிள்ளையைக் காட்டேல்லைத்தானே?" என்று என்னிடம் கேட்டார். அவர் மகனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓம் என்றேன். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஆவணி பிறந்தபோது ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கோச்சிக் கூட்டத்தின் தலைவர், பழைய படங்கள் ஸ்கேன் செய்து தரப்படும் என்று நான் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு, ஆறு பெட்டிகளோடு உள்ளே வந்தார். மார்கழியில் உள்ளூர் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். பெட்டிகள் நிறைய ரயில் படங்கள். பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு சொல்லும் இல்லை. எந்த எஞ்சின், எந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் கண்டுபிடித்து ஒரு சிறிய அட்டை எழுத வேண்டும். எங்கள் பெரிய கணினித் திரையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. அடுத்த வியாழன் மற்ற இருவரையும் கூட்டிவந்தார். எல்லாவற்றையும் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். தேநீரும் கொடுத்தேன். அங்கேதான் நான் பிழைவிட்டேன். தேநீர் கொடுத்தால் பிறகு கலைக்க ஏலாது.

தலைவருக்கு நான் நீதவான் என்று பெயர் வைத்தேன். ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். கூட்டம் அமைதியாகும். பிறகு தீர்ப்பு வரும். இரண்டாமவர் ரோல்ஸ்காரர். பக்கத்துக் கடையில் இருந்து நான் எடுப்பிக்கும் மட்டன் ரோல்ஸுக்காகவே வந்தார் என்று சத்தியம் செய்யத் தயார். வாயில் ரோல்ஸ் இருக்கும்போது நீதவான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். அது முடிந்த பிறகு எல்லாவற்றையும் மறுப்பார். மூன்றாமவர் தொப்பிக்காரர். உயரமான, மெல்லிய, எழுபதைத் தாண்டிய மனிதர். அதிகம் பேச மாட்டார். தேநீர்க் கோப்பைகளைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு உதாரணம் காட்ட எனக்கு அவர் மிகவும் உதவினார்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் முன்னால் எண் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எண் இல்லாவிட்டால் புகைபோக்கியின் வடிவம். அதுவும் மங்கலென்றால் முன்னால் வைத்த விளக்குகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். கைகாட்டி மேல்நோக்கிச் சரியுமா கீழ்நோக்கிச் சரியுமா என்பதை வைத்து எந்தக் கம்பனியின் பாதை என்று சொல்வார்கள். நிழலின் நீளத்தைப் பார்த்து நேரம் சொல்வார்கள். ஒருமுறை நிலக்கரித் தொட்டியில் இருந்த ஒரு ஆணியைப் பற்றி நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எஞ்சின்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. நான் ஆட்களைப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கலியாண வீட்டு அல்பம் செய்கிறவளுக்கு வேறு என்ன தெரியும்? யார் யாரோடு கோபம், யார் கடைசி நேரத்தில் வந்து நின்றது, யாருடைய கைப்பையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தே அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லிவிடுவேன். அவர்களோ படத்தில் ஆள் நின்றால் எஞ்சினை மறைக்கிறார் என்று சலித்துக்கொள்வார்கள். ஒரு படத்தில் பிளாட்பாரத்தின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். "இவள் படம் எடுத்தவருடைய மனைவி" என்றேன். எப்படித் தெரியும் என்று நீதவான் கேட்டார். அவள் தோளில் கமராவின் தோல் உறை தொங்கியது. அதோடு அந்த முகம். கணவன் வீடியோ எடுத்து முடிக்கும்வரை மண்டப வாசலில் காத்து நிற்கும் என் முகமும் அதேதான். ரோல்ஸ்காரர் சிரித்துப் புரைக்கேறினார். நீதவான் சிரிக்கவில்லை. ஆனால் அட்டையில் 'படமெடுத்தவரின் மனைவியாக இருக்கலாம்' என்று எழுதினார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழன், தொப்பிக்காரர் தன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு படம். ஓர் எஞ்சினின் ஓட்டுநர் அறையும் பக்கத் தொட்டியின் பாதியும். முழுக்கக் கரி படிந்திருந்தது. படியருகே இரண்டு பேர். முன்னால் நின்ற ஓட்டுநரின் தோள் எண் இருக்க வேண்டிய இடத்தைச் சரியாக மறைத்திருந்தது. பின்னால் ஒரு தேவாலயக் கோபுரம், சில புகைக்கூடுகள். படத்தின் பின்புறம் பென்சிலில், 'பிளேஸ்டோ. உன் அப்பா' என்று எழுதியிருந்தது.

அதன் கதையை ரோல்ஸ்காரர்தான் எனக்குச் சொன்னார். தொப்பிக்காரருக்கு நான்கு வயதாக இருக்கும்போது, இரண்டாம் உலக யுத்தகாலத்தில், லண்டன் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். அவரையும் அனுப்பினார்கள். அவர் அங்கே இருக்கும்போது வீட்டில் குண்டு விழுந்து தாயும் தகப்பனும் ஒன்றாகப் போய்விட்டார்கள். வீட்டோடு படங்களும் போயின. தகப்பன், எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிளேஸ்டோவின் எஞ்சின் கொட்டிலில் ஓட்டுநராக இருந்தவர். யுத்தம் முடிந்த பிறகு, அவரோடு வேலை செய்த ஒருவர் தேடி வந்து பையனிடம் இந்தப் படத்தைக் கொடுத்தார். தகப்பனின் முகம் என்று இவரிடம் இருப்பது இது ஒன்றுதான். சரியா என்று சொல்லவும் ஒருவரும் மிஞ்சவில்லை.

கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்து, பிளேஸ்டோ என்றும் தன் அப்பா என்றும் எழுத முடியுமா என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் ஆசை.

நீதவான் கண்ணை மூடவில்லை. இந்தப் படத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. மெதுவாகத்தான் சொன்னார். பிளேஸ்டோவில் ஓடிய அந்த வகை எஞ்சினில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓட்டுநர் அறைக்குப் போகும். அது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். இந்தப் படத்தில் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. பழைய வரைபடத்தின்படி தேவாலயமும் பாதையின் அடுத்த பக்கத்தில் வரவேண்டும். ஆகவே இது பிளேஸ்டோ இல்லை, பிளேஸ்டோ எஞ்சினும் இல்லை. அப்படியென்றால் அந்த ஆளும் பிளேஸ்டோ ஓட்டுநராக இருக்க முடியாது. "தகப்பன் இல்லாத பையன். பாவம் பார்த்து, கையில் அகப்பட்ட ஒரு படத்தை யாரோ கொடுத்திருப்பார்கள்" என்றார். பிறகு அட்டையில் எழுதினார்: இடம் தெரியாது, எஞ்சின் தெரியாது, ஆள் தெரியாது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. தேநீர்த் தட்டைச் சத்தம் கேட்க வைத்தேன். "ஒரு கம்பி இடம் மாறி நிற்கிறது என்பதற்காக ஒரு மனிதனின் அப்பாவை எடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டேன். நீதவான் முகம் சிவந்தது. படத்தில் உள்ளதைத்தான் தன்னால் சொல்ல முடியும் என்றார். நான் யாருக்காகக் கத்தினேனோ அவரே என் பக்கம் நிற்கவில்லை. தொப்பிக்காரர் படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டே, "அவர் சொல்வது சரிதான். தண்டு பிழையான பக்கத்தில்தான் இருக்கிறது. எனக்கும் அது எப்போதோ தெரியும்" என்றார். அன்றைக்கும் கோப்பைகளைக் கழுவி வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, எப்படியானாலும் படத்தைக் கொஞ்சம் துப்புரவாக்கிப் பெரிதாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு, உறையை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

"உமக்கேனப்பா தேவையில்லாத வேலை?" என்றார் என் கணவர். "அவையள் எஞ்சின் படிச்ச ஆக்கள். நீர் கோச்சியிலை ஏறினாலே தலை சுத்துது எண்டு சொல்லுற ஆள்."

அவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால்தான் கூடுதலாகச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

படத்தைச் செவ்வாய்க்கிழமை ஸ்கேன் செய்து திரையில் போட்டேன். தூசியும் கீறல்களும் ஏராளம். முகத்தில் தொடங்கிக் கீழே வந்தேன். கழுத்து, கொலர், கோட்டு. கோட்டில் வந்ததும் கை நின்றுவிட்டது. ஏதோ சரியில்லை. என்னவென்று உடனே சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த உறுத்தல் எனக்குப் பழக்கமானது.

அது எங்கிருந்து பழகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் கணவர் ஒரு கலியாண அல்பம் செய்தார். மணப்பெண் அல்பப் பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், உள்ளே பார்த்தால் வடிவாக இருக்கும் என்று சொல்லி, கணினியில் ஒரு தட்டுத் தட்டிப் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிட்டார். அல்பத்தைக் கொண்டுபோன தாய் மறுநாளே திரும்பி வந்தா. "என்ரை பிள்ளை என்ன, வலப்பக்கத் தோளிலையே முந்தானை போட்டவள்? மாப்பிள்ளை இடக்கையாலையே குங்குமம் வைக்கிறார்? கண் கெட்டுப் போச்சே உங்களுக்கு?" என்று நாலைந்து ஸ்டேஷன் தள்ளியிருக்கிற குட்மேய்ஸ்வரை கேட்கும்படி கத்தினா. அந்த அல்பத்தை முழுக்கத் திரும்பச் செய்து கொடுத்தோம். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல. முந்தானை எந்தத் தோளில் என்றுதான்.

இந்த ஓட்டுநருக்கு முந்தானை இல்லை. கோட்டுத்தான் இருந்தது. பொத்தான் வரிசையைப் பார்த்தேன், நாங்கள் தெறி என்போம். பெண்களின் சட்டையில் வருகிற பக்கம் வந்திருந்தது. மேல் பையும் நெஞ்சின் வலப்பக்கத்தில். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவருக்கும் அப்படியே.

"இஞ்சை ஒருக்கா வாங்கோப்பா. இவையின்ரை கோட்டுத் தெறியைப் பாருங்கோ."

அவர் வந்து பார்த்தார். "சண்டைக் காலம். மனுசியின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்" என்றார்.

"ரெண்டு பேருமோ?"

அவர் கையை நீட்டி, அந்த அல்பத்தில் தட்டிய அதே விசையைத் தட்டினார். படம் திரும்பியது. பொத்தான்கள் ஆண்பிள்ளைப் பக்கம் வந்தன. பை இடப்பக்கம் போனது. கோபுரமும் இரும்புத் தண்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் நின்றன. அந்தக் காலத்தில் யாரோ நெகட்டிவைப் புறம் மாற்றி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் ஒரு போட்டோ லாப்பில் மூன்று வருஷம் வேலை செய்தவள் நான். அங்கே வாரத்துக்கு ஒன்று இப்படிப் போகும், மேலாளர் குதிப்பார். எனக்கு ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு சுற்று ஆட வேண்டும்போல இருந்தது. ஆடவில்லை, கணவர் நின்றார்.

வியாழக்கிழமை மூவரும் வந்து மயில்களுக்கு நடுவே அமர்ந்தார்கள். முதலில் பழைய படத்தைத் திரையில் போட்டேன். கோட்டுகளைப் பெரிதாக்கிக் காட்டினேன். பிறகு திருப்பினேன்.

நீதவான் எழுந்து திரைக்குக் கிட்ட வந்தார். பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்துப் பார்த்தார். தேவையே இல்லை, படம் சுவரளவு பெரிதாக இருந்தது. தண்டைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்துப் பாதையின் மேல் விரலை ஓட்டினார். ரோல்ஸ்காரர் கையில் இருந்த ரோல்ஸைக் கடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதத்தில் அப்படி ஒன்று நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"நெகட்டிவ் புறம் மாறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவன் நான்" என்றார் நீதவான். "எண்ணோ எழுத்தோ தெரிந்தால் உடனே பிடித்திருப்பேன். எங்களில் ஒருவரும் கோட்டைப் பார்க்கவில்லை." பிறகு கோட்டுப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, மூன்று வரியையும் வெட்டி, புதிதாக எழுதினார். எஞ்சினின் வகை, பிளேஸ்டோ. ஆளின் இடத்தில் எதுவும் எழுதாமல் பென்சிலைத் தொப்பிக்காரரிடம் நீட்டினார். அந்த மனிதரில் எனக்கிருந்த கோபம் அதோடு போய்விட்டது.

தொப்பிக்காரர் பென்சிலை வாங்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்து வைத்திருந்த புதிய பிரதியைக் கையில் கொடுத்தேன். அதையும் நீண்ட நேரம் பார்த்தார்.

"இது அவர் இல்லை" என்றார்.

இடத்தைச் சரியாக்கிய கையோடு ஆளை நானே கெடுத்துவிட்டேனா? "பாரும், வேலையைக் காட்டிப்போட்டீர்" என்று என் கணவர் பின்னாலிருந்து முணுமுணுத்தார். நல்லகாலம், அது தமிழில்.

"எனக்குத் தெரிந்த முகம் இது இல்லை" என்றார் தொப்பிக்காரர் மறுபடியும். அவர் என் பக்கம் திரும்பி நின்றதால் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாகப் பார்த்த முகம்தான். இடக்கண்ணின் இமை கொஞ்சம் சரிந்திருக்கும். அவர் கையில் இருந்த படத்தில் ஓட்டுநரின் இடக்கண் இமையும் அதே அளவு சரிந்திருந்தது.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மணப்பெண்கள் முந்தானை சரிசெய்கிற ஆளுயரக் கண்ணாடி மூலையில் இருந்தது. அதற்கு முன்னால் அவரை நிறுத்தி, பழைய படத்தை, அந்தப் பிழையான படத்தை, அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வெளியே பார்க்கப் பிடித்தேன். கண்ணாடியில் படமும் திரும்பித் தெரிந்தது, பொருந்தவில்லை. நான் ஒரு மடைச்சி. படத்தைக் கண்ணாடியின் மேலேயே, அவரைப் பார்க்கும்படி ஒட்டிப் பிடித்தேன். இப்போது கண்ணாடிக்குள் இருந்த கிழவரும் படத்தில் இருந்த இளைஞரும் ஒரே பக்கத்துக் கண்ணைச் சரித்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்குத் தெரிந்த உங்கள் முகம் இது" என்றேன். "எங்களுக்குத் தெரிந்த உங்கள் முகம் மற்றப் படத்தில் இருக்கிறது."

புதிய பிரதியை ரோல்ஸ்காரர் வாங்கி, அவர் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். நீதவான் பார்த்தார், பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சீறினார். என் கணவர் கிட்ட வந்து, "கடவுளே, அச்சு அசல்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

தொப்பிக்காரர் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "சவரம் செய்யும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன்" என்றார். "மனைவியிடம் சொல்லுவேன். படத்தைக் கொண்டுவந்து என் முகத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, துளியும் சாயல் இல்லை, நீங்கள் ஆசையில் பார்க்கிறீர்கள் என்பாள். சாகும்வரை அப்படித்தான் சொன்னாள். பிறகு நானும் அது ஆசைதான் என்று விட்டுவிட்டேன்." கண்ணைத் துடைக்காமலே தொப்பியைக் கழற்றினார். எனக்கும் அழுகை வந்தது. அந்த வருஷம் முழுக்க அழாமல் வைத்திருந்ததும் சேர்ந்து வந்தது.

அட்டையில் அவர் 'ஓட்டுநர், என் அப்பா' என்று எழுதிக் கொடுத்தார். சரியான படம் நூலகச் சுவருக்குப் போனது. போகுமுன் என்னிடம் இன்னொரு பிரதி கேட்டார். எதிலிருந்து என்று கேட்டேன்.

"பழையதிலிருந்து. நீங்கள் திருப்பாமல்" என்றார். "குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்ட."

இத்தனை வருஷத் தொழிலில் ஒருவரும் என்னிடம் பிழையான படத்தைப் பிழையாகவே எடுத்துத் தரச் சொன்னதில்லை. எடுத்துக் கொடுத்தேன். ஈரம் படாமல் சட்டமும் போட்டுக் கொடுத்தேன்.